நேர்கோட்டுத் தூரம்

இடது காது மந்தமான பிறகு கண்டக்டரை பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்கள். பின் படிக்கட்டிலிருந்து யாராவது "நிறுத்துங்க, இறங்கணும்" என்று கத்தினால் அவருக்குக் கேட்பதில்லை. ஒரு தடவை நிறைமாத கர்ப்பிணி ஒருத்தியை அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ரொம்ப தூரம் கொண்டுபோய்விட்டார். புகார் வந்தது, டாக்டர் பார்த்தார், காதில் டார்ச் அடித்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்த மாதம் அவரைத் தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். வழித்தடப் பிரிவு. யூனிஃபார்ம் போய், தோளில் தொங்கிய பை போய், மேஜையும் நாற்காலியும் வந்த பிறகும் எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவியும் மகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மனைவியின் அக்கா வீட்டில் இருந்தார்கள். பிரிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. குடி இல்லை, அடிதடி இல்லை, வேறு ஆள் இல்லை. உறவுக்காரர்கள் குடைந்து குடைந்து கேட்டும் வாயில் போட்டு மெல்ல ஒரு காரணம் கிடைக்காத பிரிவு. கிளம்பும்போது மனைவி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க வாயிலேருந்து வர்றதை நம்பி ஒரு நாளைக்கூட என்னால திட்டம் போட முடியல."

அது உண்மை. டிப்போவில் டீ குடித்துக்கொண்டே போனில் "வந்துட்டேன், தெருமுனையில இருக்கேன்" என்பார். லீவு கேட்காமலே "லீவு சொல்லியாச்சு" என்பார். பிளம்பரைக் கூப்பிடாமலே "நாளைக்கு வர்றான்" என்பார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. எதிரில் இருப்பவர் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது. அந்த நிமிஷத்துக்கு எது இனிக்குமோ அதைச் சொல்லிவிடுவார். பஸ்ஸில் அதற்கு நல்ல மனுஷன் என்று பேர். வீட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் கதவுப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளாக நின்றது.

மகளை அவர் 'விசில்' என்று கூப்பிடுவார். நடை பழகிய வயதில் அவர் விசிலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு, தூங்கும்போதுகூடத் தராமல், மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிசாக ஊதிக்கொண்டே தூங்கியவள். இப்போது ஆறாம் வகுப்பு. அந்தப் பேரைத் தெருவில் வைத்துக் கூப்பிட்டால் முறைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கான நாள். ஆற்றைக் கடக்கப் பழைய பாலம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் நகரத்தின் மறுகோடியில். ஒரு பஸ் ஏறி, மத்திய நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். மீதி நாளில் மகளுக்கு வீட்டுப்பாடம் இருக்கும். இத்தனைக்கும் அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அக்கரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்து வீடுதான். தொட்டி தெரியும், வீடு தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போய் அந்தத் தொட்டியைப் பார்ப்பார். தொட்டியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பார்ப்பார்.

வழித்தடப் பிரிவில் அப்போது ஒரு புது ஏற்பாடு. இனிமேல் எந்த பஸ் எங்கே போவது என்பதை மேலதிகாரி சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதாக இல்லை. கம்ப்யூட்டர் வரைபடத்தில் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க வரைபடப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கண்டக்டரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அலுவலக மவுஸை நம்பாமல் கைப்பையில் சொந்தமாக ஒரு மவுஸ் வைத்திருந்தாள். முதல் நாளே எல்லாரும் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"உலகத்துல இருக்கற எதையும் இதுல மூணு விதமா வரையலாம்," என்றாள் டீச்சர். "புள்ளி, கோடு, பரப்பு. பஸ் ஸ்டாப் ஒரு புள்ளி. ரோடு ஒரு கோடு. ஏரி ஒரு பரப்பு. அவ்வளவுதான்."

கண்டக்டருக்குப் பக்கத்து நாற்காலி மெக்கானிக்குடையது. முதுகு வலி வந்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து மாடிக்கு வந்தவர். அவர் கையைத் தூக்கினார்.

"என் மாமியாரை எதுல வரையறது டீச்சர்?"

"தூரத்துலேருந்து பார்த்தா புள்ளி சார். கிட்டப் போகப் போகப் பரப்பு."

மெக்கானிக் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டருக்கு அது உடனே மனசில் ஒட்டிக்கொண்டது. ஊர் ஒன்று தூரத்தில் புள்ளி, கிட்டே போனால் பரப்பு. வீடும் அப்படித்தான். ஆளும் அப்படித்தான் போல.

பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை. பூமியில் எந்த இடத்துக்கும் இரண்டு எண்கள்; எண்ணைக் கொடுத்தால் இடம் வரும். மெக்கானிக் தன் வீட்டுக்கான இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டார். வீடு நடுக்கடலில் போய் விழுந்தது. "காலைல கிளம்பும்போது தரையிலதானே இருந்துச்சு!" என்று அவர் பதறியதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு அடுக்குகள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது மாதிரி: ஒரு தாளில் ஆறு, ஒரு தாளில் ரோடு, ஒரு தாளில் வீடுகள். வேண்டாததை அணைத்துவிடலாம். கண்டக்டர் ஆறு இருந்த தாளை அணைத்துப் பார்த்தார். ஆறு மறைந்தது. இரண்டு கரைகளுக்கும் நடுவில் வெறும் வெள்ளை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, டீச்சர் பக்கத்தில் வருவதற்குள் மறுபடி போட்டார்.

"ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலயும் ஒரு டேபிள் இருக்கு," என்றாள் டீச்சர் இன்னொரு நாள். "அந்தப் புள்ளி என்ன, எத்தனை வீடு, யார் குறிச்சது, எப்போ குறிச்சது, எல்லாம் அதுல இருக்கும். புள்ளி வைக்கறது சுலபம். ஆனா டேபிள்ல நீங்க எழுதறதைத்தான் மேல இருக்கறவங்க நம்புவாங்க. நீங்க எழுதறது பொய்யா நிஜமான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எழுதினதைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான்."

அன்றைக்குக் கொடுத்த பயிற்சி இது: உங்கள் வீட்டுக்கு ஒரு புள்ளி வையுங்கள், அடிக்கடி போக விரும்பும் இடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், தூரத்தை அளந்து பாருங்கள். மெக்கானிக் டீக்கடைக்கு வைத்தார். கண்டக்டர் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் பிடித்து, பக்கத்து வீட்டுக் கூரைமேல் வைத்தார். நேர்கோட்டில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ரோடு வழியாக அளந்தபோது கோடு வளைந்து வளைந்து நகரத்தையே சுற்றிக்கொண்டு போனது.

டீச்சர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "சரியா போட்டிருக்கீங்க. நேர்கோட்டுத் தூரம் வேற, போற தூரம் வேற. நடுவுல ஆறு இருக்கறது நேர்கோட்டுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார் கண்டக்டர்.

அதிலிருந்து மத்தியான சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போன பிறகு அவர் மட்டும் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்திருப்பார். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் அக்கா வீட்டுக் கூரையை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்குவார். சாம்பல் கட்டங்களைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒருநாள் ஏதோ தோன்றி ஆற்றைத் தாண்டித் தன் வீட்டுக்கு வந்தார். மொட்டைமாடியில் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள். காயப்போட்ட துணிகள். தனி ஆளாக இருக்கும் அவர் மாடியில் துணி காயப்போடுவதே இல்லை. குளியலறைக் கம்பியோடு சரி. படம் எப்போது எடுத்தது என்று டீச்சரிடம் கேட்டார். அவள் டேபிளைத் திறந்து தேதியைக் காட்டினாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய படம்.

அந்தப் படத்தில் அவர்கள் இன்னும் அவரோடுதான் இருந்தார்கள். கீழே, அந்தக் கூரைக்கு அடியில், யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள், யாரோ கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வழக்கம்போல் பஸ்ஸில் இருந்திருப்பார்.

அந்த வருஷம் ஆற்றின் குறுக்கே புதிதாக ஒரு பாலம் முடியும் தறுவாயில் இருந்தது. குறுகலானது, சின்ன பஸ்தான் போகலாம். கண்டக்டர் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்திலிருந்து கிளம்பிப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் ஆற்றோரமாகத் தண்ணீர்த் தொட்டித் தெரு. வலது பக்கம் போனால் மேட்டுக் குடியிருப்பு. பஸ் ஒன்றுதான். எந்தப் பக்கம் விடுவது? நிறுத்தத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் எந்தப் பக்கம் ஆட்கள் அதிகமோ அந்தப் பக்கம். அதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது வழித்தடப் பிரிவு. அக்கரையில் வீடு வீடாகப் போய்ப் புள்ளி வைக்கும் வேலையை, "அந்தப் பக்கம் உங்களுக்குப் பழக்கம்தானே" என்று டீச்சர் கண்டக்டரிடம் கொடுத்தாள்.

கையில் ஒரு டேப்லெட். கட்டடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், புள்ளி வைக்க வேண்டும், எத்தனை குடும்பம் என்று விசாரித்து எழுத வேண்டும். அவர் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டித் தெருவில் வீடுகள் ஒழுங்காக இருந்தன, ஆனால் நெருக்கம் இல்லை. பெரிய பெரிய தோட்டம் விட்டுக் கட்டியிருந்தார்கள். கூட்டிப் பார்க்கப் பார்க்க அவர் மனம் சோர்ந்தது. தெருக்கோடியில் பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடங்கள் மூன்று நின்றன. தூண்கள், துருப்பிடித்த கம்பிகள், சிமெண்ட் மூட்டை அடுக்கிய தரைத்தளம். ஒரு நாய் மட்டும் குடியிருந்தது.

அவர் அவற்றின் எதிரில் நின்றார். என்றைக்காவது ஒருநாள் இதில் ஆட்கள் வரத்தானே போகிறார்கள் என்று நினைத்தார். அடுத்த வருஷம் இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வருஷம். மூன்று புள்ளி வைத்தார். மாடிக்கு இத்தனை வீடு என்று மனசுக்குள் பெருக்கி, டேபிளில் 'குடியிருப்பு' என்று எழுதினார். ரொம்ப சுலபமாக இருந்தது, "தெருமுனையில இருக்கேன்" என்று சொல்வது மாதிரி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்றாலும் பக்கத்தில்தான் இருக்கிறோமே என்று அக்கா வீட்டு கேட்டைத் தட்டினார். மகள் ஸ்கூலிலிருந்து வந்து, ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"விசில், இந்தத் தெருவுக்கே பஸ் வரப்போகுது. நான் ஏறினா நேரா உன் வாசல்ல வந்து இறங்குவேன். நினைச்சப்பல்லாம் வருவேன்."

"நிஜமாவா, சும்மாவா?" என்றாள். அவரிடம் எதைக் கேட்டாலும் அவள் சேர்த்துக் கேட்கும் கேள்வி அது.

"நிஜமா."

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"தாராளமா சொல்லு."

மாடி ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வலது பக்கம். மேட்டுக் குடியிருப்பில் ரோடு கொஞ்ச தூரத்திலேயே முடிந்து படிக்கட்டுகள் ஆரம்பித்தன. வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி இருந்தன. ஒரே கதவுக்குள் மூன்று குடும்பம், நான்கு குடும்பம். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது மேலிருந்து இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாற்காலியில் ஒரு ஆள், மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். சிறுநீரகம் வேலை செய்யாத ஆள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு இப்படித்தான் கீழே ரோடு வரை இறக்குகிறார்களாம். கண்டக்டர் நின்ற படியில் நாற்காலியை வைத்துவிட்டு, தூக்கி வந்தவர்கள் நெற்றியைத் துடைத்தார்கள்.

"என்ன சார், என் பல்லக்கு ஊர்வலத்தைப் பார்க்க வந்தீங்களா?" என்றார் நாற்காலிக்காரர்.

"இல்லைங்க. இந்தப் பக்கம் பஸ் விடலாமான்னு கணக்கெடுக்கறோம்."

"அப்படியா? விடுவீங்களா?"

கண்டிப்பா விடுவோம் என்ற பதில் கண்டக்டரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். நாற்காலிக்காரர் முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. கண்டக்டர் கண்ணுக்குள் அந்த மூன்று தூண் கட்டடங்கள் வந்து நின்றன.

"தெரியலைங்க," என்றார்.

நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். "தெரியலன்னு சொன்ன முதல் ஆபீசர் நீங்கதான். இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் அடுத்த மாசமேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவர்கள் இறங்கிப் போன பிறகும் கண்டக்டர் கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மீதி வீடுகளுக்கும் போனார். ஒரு கதவையும் விடவில்லை.

அந்த வார இறுதியில் டீச்சர் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துக் கணக்கை ஓட்டினாள். நிறுத்தங்களைச் சுற்றி வெறும் வட்டம் போட்டால் போதாது, மதிலும் படிக்கட்டும் வட்டத்துக்குத் தெரியாது என்று சொல்லி, நடக்கிற பாதை வழியாகவே அளந்தாள். ஆட்கள் கூடக் கூடச் சிவக்கும் திரையில் இடது பக்கம் கொஞ்சம் அடர்த்தியாகச் சிவந்தது. இடது பக்கம்தான். வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்.

"சுத்தமா வேலை பார்த்திருக்கீங்க கண்டக்டர் சார்," என்றாள். "நாளைக்கு மேனேஜர்கிட்ட இதையே வெச்சிடலாம்."

மெக்கானிக் அவர் தோளில் தட்டினார். "ஓய், உன் ஆளுங்க தெருவுக்கே பஸ் விட்டுக்கிட்டியே!"

கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எல்லாரும் கிளம்பும்வரை மேஜையில் எதையோ தேடுவதுபோல் இருந்துவிட்டு, டீச்சர் மவுஸைக் கைப்பையில் போடும்போது போய் நின்றார்.

"டீச்சர், வெச்ச புள்ளியை எடுக்க முடியுமா?"

"முடியுமே. தப்பா வெச்சுட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் வெச்சேன்."

அவள் கை நின்றது. மவுஸை வெளியே எடுத்து மறுபடி செருகினாள். "எதெல்லாம்னு காட்டுங்க."

மூன்றையும் காட்டினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் பயிற்சி நாளில் அவர் கூரைமேல் வைத்த பழைய புள்ளி அதே தெருவில் இன்னும் இருந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"பொண்ணு அங்க இருக்கா," என்றார்.

"சரி சார்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆனா இனிமே நீங்க வெச்ச எல்லாப் புள்ளியையும் நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்தாகணும். மீதியை மட்டும் எப்படி நம்பறது?"

"பாருங்க டீச்சர். பார்க்கத்தான் வேணும்."

அவள் மூன்று புள்ளிகளையும் அழித்துக் கணக்கைத் திரும்ப ஓட்டினாள். சிவப்பு வலது பக்கம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவள் மேனேஜரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள், காரணம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டித் தெருவில் நடந்து, மேட்டுக் குடியிருப்பின் படிகளையும் அவளே ஏறி இறங்கினாள். கண்டக்டர் குறித்ததில் வேறு எதுவும் மாறவில்லை. பஸ் வலது பக்கம் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் இரண்டு பஸ் மாறிப் போனார். மகள் கேட்டிலேயே நின்றிருந்தாள். தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம், எங்கப்பா எங்க தெருவுக்கு பஸ் விடறார் என்று. பின்னால் மனைவி, கையில் துடைப்பம், பாதி பெருக்கிய வாசல்.

"பஸ் இந்தப் பக்கம் வராதும்மா," என்றார். "மேட்டுப் பக்கம்தான் போகுது. வரும்னு நான் சொன்னது பொய். வரவைக்கறதுக்கு ஆபீஸ்லயும் ஒரு பொய்யை எழுதினேன். அதையும் அழிச்சுட்டேன்."

மகள் அவரையே பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "அப்போ சும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கதவு அறைந்த சத்தம் அவருடைய நல்ல காதில் விழுந்தது.

மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா."

"போன்ல சொல்லியிருக்கலாமே."

"போன்ல நான் சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. "நடக்காததை நடக்காதுன்னு நீங்களே வந்து சொல்றது இதுதான் முதல் தடவை," என்றாள். உள்ளே வாங்க என்று சொல்வாளோ என்று அவர் நின்றார். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மீதி வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் மகள் வெளியே வரவில்லை. தலைவலி, டெஸ்ட், தூங்குகிறாள் என்று பெரியம்மா வந்து சொல்வாள். அவர் வாங்கி வந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். வரும் வழியில் அந்தத் தூண் கட்டடங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். சீக்கிரம் கட்டித் தொலையக் கூடாதா என்று அவற்றின்மேல் எரிச்சல் வரும்.

பாலம் திறந்தது. முதல் ஞாயிறே சின்ன பஸ்ஸில் ஏறினார், டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஜன்னலோரமாக. அக்கரையில் பாலத்தின் முடிவில் ஒரு நிறுத்தம்; அங்கே இறங்கி ஆற்றோரமாக அரை மணி நடந்தால் தண்ணீர்த் தொட்டித் தெரு. நடைபாதை இல்லை, லாரி போனால் முகமெல்லாம் புழுதி. ஆனாலும் பாதி நாள் மிச்சம். அந்த மிச்ச நாளை வைத்துக்கொண்டு மூடிய கதவுக்கு வெளியே அவர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் பாலத்தைத் தாண்டி நின்றபோது நிறுத்தத்தில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். அவர் படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர் "இறங்குங்க சார்" என்று தள்ளினார்.

"இவளுக்கு ஸ்கூல்ல வரைபடம் வரையச் சொல்லியிருக்காங்க," என்றாள் மனைவி, பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டே. "அப்பாகிட்டதான் கத்துக்குவேன்னு ஒரே அடம். சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

திரும்பும் பஸ்ஸில் ஏறி அவர் வீட்டுக்கு வந்ததும் மகள் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். அவள் கட்டில் அப்படியே இருந்தது. அதன்மேல் அவர் இஸ்திரி போட்ட சட்டைகள். சட்டைகளை அவசரமாக வாரி எடுத்தார். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்து, புள்ளி, கோடு, பரப்பு என்று ஆரம்பித்தார். அவள் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். ஸ்கூலுக்கு ஒரு புள்ளி. தோழி வீடு ஒன்று. துரத்துகிற நாய் இருக்கும் முக்கு ஒன்று. அதற்கு டேபிளில் 'ஆபத்து' என்று எழுதினாள். தண்ணீர்த் தொட்டித் தெரு வீட்டுக்கு 'எங்க வீடு' என்று எழுதினாள். பிறகு ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அவர்கள் உட்கார்ந்திருந்த வீட்டின்மேல் ஒரு புள்ளி வைத்து, யோசிக்காமல் 'அப்பா வீடு' என்று அடித்தாள்.

கண்டக்டர் அந்த இரண்டு சொற்களைப் பார்த்தார். அவள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது இந்த வீட்டுக்குத்தான். ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தார்.

"சரியா இருக்காப்பா?" என்றாள்.

"சரிதான்," என்றார். "சேவ் பண்ணு."

சாயங்காலம் மனைவி வந்தபோது மகள் அந்தக் கட்டிலிலேயே தூங்கிப்போயிருந்தாள். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு உள்ளே ஒரு அடி மட்டும் வைத்து நின்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. கண் மட்டும் அறையைச் சுற்றி வந்தது.

"அடுத்த பஸ் எப்போ?" என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை, இப்போதைக்கு இல்லை, உட்கார் என்று சொல்லிவிடலாம். நேர அட்டவணை போட்ட பிரிவிலேயே வேலை பார்ப்பவர். அவர் சொன்னால் யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

"இப்பவே ஒண்ணு இருக்கு," என்றார். "கிளம்பினா பிடிச்சுடலாம்."

"அதை விட்டா?"

"அதை விட்டா முக்கால் மணி நேரம் ஆகும்."

அவள் மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு, கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள் மகள். "கொஞ்சம் தூங்கட்டும்," என்று சொல்லி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள், கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே. அவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை அளவு மறந்திருக்கவில்லை. அவள் குடித்தாள். மேலே ஃபேன் கடகடத்தது.

"இது இன்னும் சத்தம் போடுதா?"

"ஆளைக் கூப்பிட்டி…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இன்னும் கூப்பிடல."

இந்தத் தடவை அவள் நிஜமாகவே சிரித்தாள், சத்தமில்லாமல், டம்ளரைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான். எத்தனையோ பேச இருந்தது. எதை எடுத்தாலும் அதன் அடியில் இன்னொன்று இருந்தது. அவர் அவள் கழுத்தோரத்தில் புதிதாக வந்திருந்த ஒரு நரைமுடியைப் பார்த்தார். அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவள் எழுந்து மகளைத் தட்டினாள்.

நிறுத்தம் வரை கூடவே போனார். பஸ் வந்தது. மகள் தூக்கக் கலக்கத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள். மனைவி படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இவளைப் பாலத்துகிட்ட பஸ் ஏத்தி விடறேன். நீங்க இங்க வந்து நிக்கணும். சரியா நிக்கணும்."

"நிப்பேன்," என்றார். பிறகு, பஸ் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், "நீயும் வந்தா நல்லா இருக்கும். எனக்கு நல்லா இருக்கும்," என்றார்.

எத்தனையோ இனிப்பான சொற்களை வாரி இறைத்த வாய்க்கு இது ஒன்றுதான் அவ்வளவு கனமாக இருந்தது.

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"பார்க்கலாம்," என்றாள்.

கதவு மூடியது. பஸ் பாலத்தை நோக்கித் திரும்பியது. பின் விளக்குகள் ஆற்றுக்கு மேலே சின்னதாகிக்கொண்டே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தத்தில் காத்திருந்த ஒருவர் "மத்திய நிலையம் போற பஸ் போயிடுச்சாங்க?" என்று கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோதுதான் திரும்பினார்.

"போயிடுச்சுங்க," என்றார். "அடுத்தது வர நேரமாகும். உட்காருங்க."

தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.